சங்கத்தின் கொள்கையை வகுப்பது போர்டா, அலுவலகமா?

கேள்வி இது: “டர்பனில் எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் போர்டுக்கு இந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டேன். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது. எல்லாமே முன்பே முடிவாகி வந்து, எங்களிடம் கையெழுத்துக்கு மட்டும் நீட்டுவது போலத் தெரிகிறது. கொள்கையை வகுப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட நாங்களா, சம்பளத்துக்கு இருக்கும் அலுவலகமா?”

சட்டப்படி நீங்கள்தான். நடைமுறையில், முழுநேர ஊழியர் நாலைந்து பேருக்கு மேல் இருக்கும் சங்கம் என்றால் பெரும்பாலும் அவர்கள்தான். இதில் யாருடைய சூழ்ச்சியும் இருக்க வேண்டியதில்லை. முதல் வரைவை எழுதுவதும், அது எந்தக் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று தேதி குறிப்பதும், முடிவான பிறகு அதைச் செய்து முடிப்பதும் ஒரே அலுவலகத்தின் வேலையாக இருக்கிறது. நடுவில் ஒரு நாள் கூடிக் கை தூக்குகிறவர்களுக்கு மிஞ்சுவது ஆம், இல்லை என்ற இரண்டு சொல்தான். கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாலை தலைவருக்குப் போகும். சாவிக்கொத்து செயலாளரிடம் இருக்கும்.

முதலில் உங்கள் அமைப்பு எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் மூன்று வகை உண்டு, பெயரை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஒன்று, சட்டத்தாலேயே உருவான கவுன்சில்கள்: மருத்துவத் தொழில்களுக்கானது 1974ஆம் ஆண்டின் 56ஆம் சட்டத்திலும், பொறியியலுக்கானது 2000ஆம் ஆண்டின் 46ஆம் சட்டத்திலும் நிற்கிறது. அங்கே பெரிய கோடுகளை நாடாளுமன்றமே போட்டுவிட்டது. இரண்டாவது, லாப நோக்கற்ற கம்பெனி. பெயருக்குப் பின்னால் என்.பி.சி. என்று இருக்கும். மூன்றாவது, தன்னார்வச் சங்கம். அதற்கு அதன் சொந்த சட்டதிட்டப் புத்தகமே சட்டம். நீங்கள் ‘போர்டு’ என்று சொல்வதால் என்.பி.சி. என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டின் 71ஆம் சட்டமான கம்பெனிச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, கம்பெனியின் அலுவல்களைப் போர்டு நடத்த வேண்டும், அல்லது போர்டின் வழிகாட்டலின் கீழ் அவை நடக்க வேண்டும் என்கிறது. அந்த ‘அல்லது’ வழியாகத்தான் அலுவலகம் உள்ளே வருகிறது. 76ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: நம்பகமானவர், திறமையானவர் என்று நியாயமாகக் கருதும் ஊழியர் தரும் தகவலையும் கருத்தையும் இயக்குநர் நம்பி நடக்கலாம். வருமான வரிச் சட்டத்தின் 30பி பிரிவில் வரிவிலக்குப் பெற்ற சங்கம் என்றால் இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேராவது நிர்வாகப் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும்; முடிவெடுக்கும் அதிகாரம் நேராகவோ மறைமுகமாகவோ ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது. தலைமை நிர்வாகி சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் போர்டு, இந்த நிபந்தனையை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

இனி, கொள்கை போர்டிடமிருந்து அலுவலகத்துக்குக் கை மாறும் இடங்கள்.

முதல் இடம், பலர் கவனிக்காத நாட்காட்டி. போர்டு ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது. அரசிதழில் ஒரு வரைவு விதி வெளியானால் கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 30 நாள்தான் தருவார்கள். மார்ச்சில் கூடிய போர்டு அடுத்து ஜூனில்தான் கூடும். வரைவு ஏப்ரலில் வரும். பதில் எழுதுவது யார்? அலுவலகத்தில் கொள்கைப் பிரிவில் இருக்கும் ஒருவர். அந்தப் பதில் சங்கத்தின் கடிதத்தாளில் போகிறது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சங்கம் பேசும்போது “எங்கள் நிலைப்பாடு முன்பே தெரிவிக்கப்பட்டுள்ளது” என்று அந்தக் கடிதமே மேற்கோளாக வரும். யாரும் ஓட்டுப் போடாத ஒன்று நிலைப்பாடாகிவிட்டது. தேசிய சுகாதாரக் காப்பீட்டு மசோதா 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. குடியரசுத் தலைவர் ராமபோசா அதில் கையெழுத்திட்டது 2024 மே 15 அன்று. தலைவருக்கு இரண்டாண்டுப் பதவிக்காலம் உள்ள சங்கத்தில் அந்த இடைவெளியில் மூன்று தலைவர்களாவது வந்திருப்பார்கள். கோப்பைத் தொடர்ந்து கையில் வைத்திருக்கக் கூடியவர் அலுவலகத்தில்தான் இருப்பார்.

இதற்கு வைத்தியம் உண்டு, ஆனால் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். அரசிதழ் வந்த மூன்றாம் நாளுக்குள் அலுவலகம் ஒரே ஒரு பக்கம் அனுப்பட்டும்: என்ன மாறுகிறது, யாரைத் தொடுகிறது, போர்டு பதில் சொல்ல வேண்டிய மூன்று கேள்விகள் எவை. பத்தாம் நாளுக்குள் இயக்குநர்கள் பதில் எழுதுகிறார்கள். இருபதாம் நாள் வரைவு வருகிறது, இருபத்தைந்தாம் நாள் ஒப்புதல், மீதி ஐந்து நாள் தவறு திருத்த. ஒப்புதலுக்குக் கூட்டம் தேவையில்லை. கம்பெனிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி இயக்குநர்களில் பெரும்பான்மையோர் எழுத்தில் சம்மதித்தாலே போர்டு முடிவுதான், உங்கள் நிறுவன ஒப்பந்தம் (கம்பெனியின் அடிப்படை விதிகள் உள்ள ஆவணம்) வேறு மாதிரி சொல்லாத வரை. இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு: செயற்குழுவின் நாலு பேருக்கு மட்டும் மெயில் அனுப்பி, அவர்கள் ‘சரி’ என்றதைப் போர்டு முடிவாகப் பதிவு செய்துவிடுவது. ஒவ்வொரு இயக்குநருக்கும் விஷயம் பற்றிய அறிவிப்பு போயிருந்தால்தான் அது செல்லும். நேரம் போதாமல் அலுவலகமே அனுப்ப நேர்ந்தால், “இது அலுவலகக் கருத்து, போர்டு ஒப்புதலுக்கு உட்பட்டது” என்ற ஒரு வரி முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது இடம், உங்களுக்கு வரும் கூட்டத் தாள்கட்டு. திங்கள் காலைக் கூட்டத்துக்கு வெள்ளி மாலை 180 பக்கம் வந்தால் படிக்க முடியாது என்பது அனுப்புகிறவருக்கும் தெரியும். அதில் ஒரு பொருளை மட்டும் பிரித்துப் பார்ப்போம். பொருள் 11, ‘உறுப்பினர் தரநிலைக் கட்டமைப்பு: புதுப்பிப்பு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் பரிந்துரை இப்படி இருக்கும்: “போர்டு இவ்வறிக்கையைக் குறித்துக்கொண்டு, கட்டமைப்பைக் காலத்துக்கேற்பச் செயல்படுத்த நிர்வாகத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.” ஒரே வாக்கியத்தில் இரண்டு வினை. ‘குறித்துக்கொண்டு’ என்பதால் யாரும் விவாதிக்கத் தேவையில்லை என்று தோன்றும். ‘காலத்துக்கேற்ப’ என்பதால் இனி எது மாறினாலும் திரும்பி வரத் தேவையில்லை. விஷயம் இணைப்பு 11சி-யின் நான்காம் பத்தியில் இருக்கிறது: ‘மூன்றாண்டு அனுபவம்’ என்று இருந்தது ‘பதிவுபெற்ற மூத்தவரின் மேற்பார்வையில் மூன்றாண்டு அனுபவம்’ என்றாகியிருக்கிறது. டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு இது ஒன்றுமில்லை. லேடிஸ்மித்திலோ போர்ட் ஷெப்ஸ்டோனிலோ ஓர் அறை வைத்துத் தனியாகத் தொழில் செய்கிறவருக்குக் கதவு சாத்தப்பட்டது. எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. மேற்பார்வை இருந்தால் தரம் கூடும் என்றுதான் எழுதியிருப்பார். ஆனால் இது கொள்கை. பத்தி எண்ணாக அது நழுவிப் போகக் கூடாது.

அந்த இடத்தில் “எனக்கு இது பிடிக்கவில்லை” என்று சொன்னால் பயன் இல்லை. மினிட்ஸில் ‘கருத்துகள் பரிமாறப்பட்டன’ என்று முடிந்துவிடும். மாற்றுத் தீர்மானத்தை எழுதியே கொண்டு போங்கள்: “இணைப்பு 11சி, நான்காம் பத்தி நீங்கலாக ஏற்கப்படுகிறது. நான்காம் பத்திக்கு இரண்டு மாற்று வரைவுகளும், ஒவ்வொன்றாலும் எத்தனை உறுப்பினர் பாதிக்கப்படுவர் என்ற எண்ணிக்கையும் அடுத்த கூட்டத்துக்கு வரவேண்டும்.” அதைக் கூட்டத்துக்கு முதல்நாளே சேர்மனுக்கு அனுப்பிவிடுங்கள். சேர்மனைச் சபையில் திடுக்கிட வைத்தால் அவர் அலுவலகத்தின் பக்கம் சாய்வார். ஓட்டு சரிசமமானால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்: சட்டத்தின் பொது ஏற்பாட்டில், சேர்மன் முதலில் ஓட்டுப் போடாமல் இருந்தால் தீர்மான ஓட்டு அவருக்கு, போட்டிருந்தால் பொருள் தோற்றது.

மூன்றாவது இடம் உறுப்பினர் பிரிவின் இன்பாக்ஸ். இதை யாரும் கொள்கை என்று நினைப்பதில்லை. சென்னையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்த ஒருவர், அந்த அனுபவம் கணக்கில் வருமா என்று கேட்டு மெயில் போடுகிறார். விதியில் அதற்குப் பதில் இல்லை. போர்டு கூட இரண்டு மாதம் இருக்கிறது, அவருக்கோ வேலைக்கு விண்ணப்பிக்க இந்த வாரம் பதில் வேண்டும். எழுத்தர் தன் நியாயத்துக்கு “பாதி எடுத்துக்கொள்வோம்” என்று எழுதுகிறார். இதே பதில் இன்னும் நாலு பேருக்குப் போனால் ‘எங்கள் வழக்கம் இதுதான்’ என்று ஆகிவிடும். வெற்றிடம் போர்டு விட்டது. நிரப்பியவரைக் குறை சொல்ல முடியாது. விதியில் இல்லாத கேள்விக்குத் தந்த பதில்களின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். சங்கத்தில் உண்மையில் எந்தக் கொள்கை ஓடுகிறது என்று அந்த ஒரு பக்கம் காட்டும்.

இதோடு ஒட்டியது ‘வழிகாட்டுதல்’ என்ற பெயரில் வலைத்தளத்தில் ஏறும் விதிகள். கம்பெனிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி போர்டு நிர்வாக விதிகள் வகுக்கலாம். ஆனால் அவற்றை வெளியிட வேண்டும், கம்பெனிப் பதிவாணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும், அடுத்த பொதுக்கூட்டத்தில் சாதாரணத் தீர்மானத்தால் உறுதி செய்தால்தான் நிரந்தரம். இந்த மூன்றும் இல்லாமல், ‘விதி’ என்ற சொல்லையும் தவிர்த்து, ‘வழிகாட்டுதல்’ என்று போட்டுவிட்டு, அதை மீறினார் என்று ஓர் உறுப்பினர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறார்கள். அவர் வக்கீல் வைத்து எதிர்த்தால் நிற்பது கடினம்.

கமிட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஊழியர், பதவியாளர் என்ற இரண்டு பேருக்கு அப்பால் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: பாடத்திட்டக் கமிட்டியிலோ நன்னெறிக் கமிட்டியிலோ பத்துப் பதினைந்து ஆண்டாக அசையாமல் இருக்கும் தன்னார்வலர். தலைவரும் அவருக்கு நேற்று வந்தவர், தலைமை நிர்வாகியும் நேற்று வந்தவர். பல சங்கங்களில் தேர்வு, தொடர்கல்விப் புள்ளி ஆகியவற்றின் கொள்கை அவர் மடியில்தான் இருக்கிறது. சட்டம் இதில் தெளிவு: போர்டு அதிகாரத்தை ஒப்படைத்த கமிட்டியில் இயக்குநர் அல்லாதவர் உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது (72ஆம் பிரிவு). வெறும் ஆலோசனைக் கமிட்டி என்றால் எல்லோரும் கை தூக்கலாம், ஆனால் அது பரிந்துரை மட்டும்தான். எந்தக் கமிட்டி எந்த வகை என்று எழுதி வைத்திருக்கும் சங்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நிஜமாகவே முடிவு செய்யும் விஷயம் எது? மூன்று. உறுப்பினராகும் தகுதி, சந்தாத் தொகை, தலைமை நிர்வாகியை அமர்த்துவதும் அனுப்புவதும். இதில் சந்தாவைக் கணக்கு வேலை என்று நினைத்து ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். டர்பன்காரர்களுக்கு இதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது குறைந்தபட்ச சந்தா ஆண்டுக்கு 3 பவுண்டு. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் சம்பளம். மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதச் சம்பளம். மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்களில் பெரும்பாலோர் உறுப்பினராக முடியாது என்று எந்த விதியும் எழுதவில்லை. தொகையே அதைச் செய்துவிட்டது. அமைப்பு முதல் ஆண்டுகளில் யாருடைய குறைகளைப் பெரிதும் எடுத்துப் பேசியது என்பதற்கும் அந்தத் தொகைக்கும் தொடர்பு இருக்கிறது. இன்னொன்று: அங்கே தலைவர் அப்துல்லா ஹாஜி ஆதம், செயலாளர் மோகன்தாஸ் காந்தி. மனுக்களை வரைந்தவர் செயலாளர். சங்கத்திடம் சம்பளம் வாங்காதவர்தான். வணிகர்கள் வக்கீல் வேலைக்குக் கொடுத்த கட்டணத்தில் வாழ்ந்தார். ஊழியரா பதவியாளரா என்ற கோடு அன்றே இவ்வளவு மங்கலாகத்தான் இருந்தது. பேனா யாரிடம் இருந்தது என்பது மட்டும் மங்கலில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தை அடக்குகிறேன் என்று கிளம்பும் இயக்குநர்கள் வேறு வகையில் கெடுப்பார்கள். இளநிலை ஊழியருக்கு இரவு ஒன்பது மணிக்கு நேராக வாட்ஸ்அப் போடுவது, அச்சகத்தைத் தானே தேர்ந்தெடுப்பது, ஆண்டு விருந்துக்கு பிரியாணியா பஃபேயா என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டு ஆண்டு பட்ஜெட்டை ஐந்து நிமிடத்தில் ஏற்றுவது. இதில் ஊழியர்களுக்கு ஒரு லாபமும் உண்டு: விளையாடப் பொருள் கிடைத்த போர்டு கொள்கை கேட்காது. ஒவ்வொரு புதுத் தலைவருக்கும் ‘இந்த ஆண்டின் கருப்பொருள்’ ஒன்றைத் தேடிக் கொடுத்து, அவர் மேடையில் மகிழ்ந்திருக்கும்போது மற்றதை நடத்திக்கொண்டு போகும் நிர்வாகிகளைச் சாமர்த்தியசாலிகள் என்றுதான் சொல்ல வேண்டும். என்.பி.சி.யில் தேர்ந்தெடுக்கப்படும் இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஒவ்வோர் ஆண்டும் தேர்தல் நடக்க வேண்டும் என்பது சட்டம். ஆக எப்போதும் சிலர் புதியவர்களாகவே இருப்பார்கள்; அவர்களுக்கு அறிமுக வகுப்பு எடுப்பதும் அலுவலகமே. அந்த வகுப்பில் அரை மணி நேரத்தைப் பதவிக்காலம் முடிந்த இயக்குநர் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சந்தேகம் சரியா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: நிறுவன ஒப்பந்தம், தாக்கல் செய்த விதிகள், யாருக்கு எந்த அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது என்ற பட்டியல், கடந்த 24 மாத மினிட்ஸ். இயக்குநராக அவை உங்களுக்கு உரிமை. மறுப்பு வந்தால் அதுவே ஒரு பதில். மினிட்ஸில் உள்ள தீர்மானங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் தாள்கட்டில் வந்த பரிந்துரையையும் நிறைவேறிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முப்பது தீர்மானத்தில் ஒன்றில்கூட ஒரு சொல் மாறவில்லை என்றால், கொள்கை வேறெங்கோ வகுக்கப்படுகிறது. ஏழெட்டில் மாறியிருந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது, நீங்கள் புதியவர், அவ்வளவுதான். பாதிக்கு மேல் மாறியிருந்தால் அதுவும் நோய்: அலுவலகத்துக்குப் போர்டின் மனம் தெரியவில்லை.

ஒரு சொல்கூட மாறாத வகை என்றால், இரண்டே இரண்டு நடைமுறை மாற்றத்தைக் கேளுங்கள். தாள்கட்டு ஏழு வேலைநாளுக்கு முன் வரவேண்டும், பிந்தி வரும் பொருள் அடுத்த கூட்டத்துக்குப் போகும். உறுப்பினர் உரிமையைத் தொடும் எதுவும் இரண்டு கூட்டத்தில் வரவேண்டும்: முதலில் பரிந்துரை இல்லாமல் இரண்டு மூன்று வழிகளும் செலவும், பிறகுதான் தீர்மானம். இரண்டாவதை ஊழியர்களே வரவேற்பார்கள். வரைவை முழுசாக எழுதி முடித்த பிறகு கிழிபடுவதைவிட இது மேல்.

சேர்மன் அஜெண்டாவில் சேர்க்க மறுத்தால்? இரண்டு இயக்குநர்கள் எழுதிக் கேட்டால் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். போர்டில் பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம் பேர் கேட்க வேண்டும். உறுப்பினர் பக்கத்திலிருந்தும் வழி உண்டு: ஓட்டுரிமை உள்ள எந்த இரண்டு உறுப்பினரும் அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானம் முன்மொழியலாம். கூட்டத்துக்கு 15 வேலைநாள் அறிவிப்பு தேவை. கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, பொதுவாக 25 சதவீதம், நிறுவன ஒப்பந்தம் குறைத்திருக்கலாம். ஒரு மணி நேரத்தில் கோரம் சேராவிட்டால் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போகும், அன்று வந்திருப்பவர்களே கோரம். முதல் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் இந்த இரண்டாவது வாரத்தை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான பொதுக்கூட்டங்களில் முடிவு செய்கிறவர்கள் இரண்டாவது வாரமும் வந்த இருபது பேர்தான்.

கடைசியாகத் தலைமை நிர்வாகியின் ஆண்டு இலக்குத் தாள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது கனமானது, ஏனென்றால் அவருடைய போனஸும் ஒப்பந்த நீட்டிப்பும் இதில் தொங்குகின்றன. பல சங்கங்களில் இதை அவரே எழுதி, சேர்மன் மட்டும் கையெழுத்திடுகிறார். மற்ற இயக்குநர்கள் பார்த்ததே இல்லை. ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். ‘உறுப்பினர் சேவையை மேம்படுத்துதல்’ என்ற வகை வரியை அடித்துவிட்டு, அளக்கக்கூடியதாக எழுதுங்கள்: விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில், அரசிதழ் வரைவுகளுக்கு எத்தனை முறை போர்டு ஒப்புதலோடு பதில் போனது. ஊழியர் இல்லாத அமர்வில் இதைப் பேசி முடிவு செய்யுங்கள், அந்த அமர்வுக்கும் மினிட்ஸ் எழுதுங்கள், முடிவை அன்றே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்; கதவுக்கு வெளியே காத்திருப்பவருக்கு வதந்தி வழியாகப் போகக் கூடாது. இதையெல்லாம் நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே செய்யுங்கள். பட்ஜெட் நிறைவேறிய பிறகு எழுதும் இலக்குக்கு ஒதுக்கப் பணம் இருக்காது.